சாபம் வாங்கிய கூட்டம்

கேள்வி: அமெரிக்க 'லேட் நைட்' நிகழ்ச்சிகளை யூடியூபில் பார்க்கிறேன். தொகுப்பாளர் தும்மினால்கூடக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. எனக்கோ உதடுகூட அசையவில்லை. அது டப்பாவில் அடைத்த சிரிப்பா, இல்லை என் நகைச்சுவை உணர்வில்தான் கோளாறா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: கோளாறு உங்களிடம் இல்லை. டப்பாச் சிரிப்பும் இல்லை. அது சிட்காம் எனும் நகைச்சுவைத் தொடர்களின் சரக்கு. சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் அதற்கென்றே ஒரு பெட்டி செய்தார். பொத்தானைத் தட்டினால் கெக்கெக்கே! லேட் நைட்டில் சிரிப்பவர்கள் நிஜ மனிதர்கள். ஆனால் பக்குவம் பார்த்து இறக்கப்பட்டவர்கள்.

ராத்திரி 11.35 மணி நிகழ்ச்சியைச் சாயங்காலமே பதிவு செய்துவிடுவார்கள். டிக்கெட் இலவசம். வரிசையில் கால் கடுக்க நின்று உள்ளே போனால், 'வார்ம்-அப்' காமெடியன் ஒருவர் வந்து சிரிக்கவும் கத்தவும் ஒத்திகை கொடுப்பார். 2015 வரை நிகழ்ச்சி நடத்திய டேவிட் லெட்டர்மேன் தன் அரங்கை ஏசி போட்டு நடுங்க வைப்பார். கூட்டம் கதகதப்பாக உட்கார்ந்தால் சொக்கிப்போகும் என்பது அவர் கட்சி. இவ்வளவு பாடுபட்டு வந்தவர், சிரிக்காமல் வீடு திரும்புவாரா? விருந்துக்கு வந்துவிட்டு யாராவது பாயசத்தைக் குறை சொல்வார்களா? (நம் ஊரில் சொல்வார்கள். அது வேறு விஷயம்.)

இதெல்லாம் அந்தக் காலத்திலும் இருந்ததுதான். ஆனால் அன்றைய கூட்டம் சிரிக்க மறுக்கவும் செய்தது. 1962 முதல் 1992 வரை 'டுநைட் ஷோ'வில் முப்பது வருடம் கோலோச்சிய ஜானி கார்சனின் பிழைப்பே பாதி அதில்தான் ஓடியது. ஜோக் படுத்துவிட்டால் வாத்தியக் குழு ஒரு பழைய மெட்டை எடுக்கும். மனிதர் அசடு வழிய ஒரு குட்டி டான்ஸ் போடுவார். ஜோக்குக்குக் கிடைக்காத சிரிப்பு டான்ஸுக்குக் கிடைக்கும். பெரிய தலைப்பாகையோடு ஜோசியர் வேடம் கட்டும்போது, கடி ஜோக்குக்குக் கூட்டம் 'ஊ...' என்று முனகினால் ஒட்டகத்தையெல்லாம் இழுத்துச் சாபம் கொடுப்பார். அந்தச் சாபத்தைக் கேட்பதற்காகவே முனகியவர்கள் உண்டு.

1965-இல் கார்சன் நிகழ்ச்சிக்கு வந்த எட் ஏம்ஸ் என்ற நடிகர், பலகையில் வரைந்திருந்த ஆள் உருவத்தின் மேல் கோடரி வீசிக் காட்டினார். அது போய்ப் பதிந்தது சொல்லக் கூடாத இடத்தில். அரங்கம் வெடித்தது. ஏம்ஸ் பதறிப்போய்க் கோடரியைப் பிடுங்கப் போக, கார்சன் அவரைப் பிடித்து நிறுத்தினார். சிரிப்பு அலை தானாக ஓயட்டும் என்று காத்திருந்து, அப்புறம்தான் தன் வசனத்தை வீசினார். மறுபடி வெடித்தது. கூட்டத்தைக் கேட்கத் தெரிந்தவரின் வேலை அது.

இப்போது நிலைமை என்ன? கைதட்டலையும் சிரிப்பையும் பிசைந்து 'கிளாப்டர்' என்று ஒரு சொல் அவர்கள் தொழிலிலேயே புழங்குகிறது. அதை உருவாக்கியவர் சேத் மேயர்ஸ் என்ற லேட் நைட் தொகுப்பாளர் என்பார்கள். ஜோக் பிரமாதம் என்று அல்ல, 'நீ சொல்வது நியாயம்' என்று தட்டும் கை அது. டிரம்ப் வந்த பிறகு இது கூடிவிட்டது. இன்னொரு தொகுப்பாளரான ஸ்டீபன் கோல்பேர் பார்வையாளர் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்ததும் அந்தச் சூட்டில்தான். டிரம்ப் வாங்கிக் கட்டிக்கொள்வதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் கட்சிக்காரர்கள் முன்னால் ஜோக் அடித்தால் எது படுத்தது என்றே தெரியாது. 2025 ஜூலையில் தன் நிகழ்ச்சி மறு வருடம் மே மாதத்தோடு முடிகிறது என்று கோல்பேர் சொன்னபோது அரங்கம் எதிர்ப்புக் காட்டி 'பூ...' என்று கத்தியது. அதே வருடம் செப்டம்பரில் ஜிம்மி கிம்மல் என்ற தொகுப்பாளர் இடைநீக்கம் முடிந்து திரும்பியபோது எழுந்து நின்று ஆரவாரித்தது. இரண்டும் மனதிலிருந்து வந்தவை. இரண்டுமே சிரிப்பு இல்லை.

2020 மார்ச்சில் கொரோனா அரங்குகளைக் காலி செய்தது. கோல்பேர் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து ஜோக் சொன்னார். பதிலுக்கு ஒரு சத்தமும் இல்லை. பின்னால் காலி அரங்குக்குத் திரும்பிய மேயர்ஸ், அந்த வெறுமையையே விளையாட்டாக்கிக்கொண்டார். 2021-இல் 'கரெக்‌ஷன்ஸ்' என்று யூடியூபுக்கு மட்டும் ஒரு பகுதி தொடங்கினார். தன் தவறுகளைக் குடைந்தெடுத்துக் கமென்ட் போடுகிறவர்களுக்குக் 'குள்ளநரிகள்' என்று பட்டம் சூட்டிப் பதில் சொல்வார். எதிரே அவருடைய சொந்த ஊழியர்கள்தான். அவர்களுக்கு முதலாளியின் ஜோக்குக்குச் சிரித்தாக வேண்டும் என்ற பயம் இருப்பதாகத் தெரியவில்லை.

அதைப் பாருங்கள். அதிலும் உதடு அசையவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். நல்ல டாக்டராகச் சொல்கிறேன்.