பழைய கடிகார இயந்திரத்தை மறுபடி தயாரிக்க வரைபடம் மட்டும் போதாதா?

போதாது. உலோகத் தகட்டை ஒரே வடிவில் வெட்டும் அச்சுக்கு டை என்று பெயர்; அதைச் செய்யும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். வரைபடம் ஒரு பாகத்தின் அளவைச் சொல்லும். அதே அளவு பத்தாயிரமாவது பாகத்திலும் பிசகாமல் வர வேண்டுமானால் பிரஸ்ஸில் மாட்டும் டை வேண்டும், லேத்தை நடத்தும் கேம் என்ற தட்டு வேண்டும், எதற்குப் பிறகு எதைச் செய்வது என்று தெரிந்த ஆள் வேண்டும். ஜெனித் என்ற சுவிஸ் கடிகார நிறுவனத்தின் எல் பிரிமேரோ மறுபடி உயிர்பெற்றது இந்த மூன்றும் தப்பிப் பிழைத்ததால்தான்.

எல் பிரிமேரோ ஒரு குரோனோகிராஃப் இயந்திரம். நேரம் காட்டுவதோடு, பொத்தானை அழுத்தினால் ஓடி, நின்று, பூஜ்யத்துக்குத் திரும்பும் ஸ்டாப்வாட்சும் அதற்குள்ளேயே இருக்கும். சுவிட்சர்லாந்தில் லெ லோக்ல் என்ற ஊரில் 1962-இல் தொடங்கிய வேலை, 1969 ஜனவரி 10 அன்று வெளியீடாக முடிந்தது. சாவி கொடுக்க வேண்டாம், கையசைவிலேயே ஏறிக்கொள்ளும். உள்ளே இருக்கும் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடுவதைத்தான் துடிப்பு என்கிறோம்; இதில் மணிக்கு 36,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 10. அதனால் நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கலாம். அன்றைக்குப் பல கடிகாரங்கள் மணிக்கு 18,000 துடிப்பில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வேகத்தை இரண்டு மடங்காக்கி, தானியங்கி அமைப்பையும் உள்ளே பொருத்தி, கையில் கட்டும் அளவுக்கு மெல்லியதாகச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

அதே 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ, பேட்டரியில் ஓடும் அஸ்ட்ரான் குவார்ட்ஸ் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு குவார்ட்ஸின் போட்டியில் சுவிஸ் ஊர்களின் கடிகாரத் தொழில் நொடிந்தது. ஜெனித்தை 1971-இல் சிகாகோவின் ஜெனித் ரேடியோ கம்பெனி வாங்கியது. 1975-இல் மேலிட உத்தரவு வந்தது: இனி குவார்ட்ஸ் மட்டும், ஸ்பிரிங்கில் ஓடும் மெக்கானிக்கல் இயந்திரங்களுக்கான கருவிகளைக் கழித்துக் கட்டுங்கள்.

அங்கே பட்டறைப் பொறுப்பில் இருந்தவர் சார்லஸ் வெர்மோ. கருவிகளை விட்டுவையுங்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதிப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு யாருக்கும் தெரியாமல் டைகளையும் கேம்களையும் வெட்டுக் கருவிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆலையின் பரண் அறைக்குக் கொண்டுபோய் ஒளித்தார். ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, செய்முறையையும் எழுதிவைத்தார். அந்த எழுத்து வேலைக்காகத்தான் அவரை நான் கும்பிடுகிறேன். சீட்டு இல்லாத டைக் குவியலை எங்கள் தொழிலில் யாராலும் மீட்டெடுக்க முடியாது.

கேம் என்றால் என்ன என்று சொன்னால் இதன் அருமை புரியும். அந்தக் காலத்துத் தானியங்கி லேத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. ஓர் இரும்புத் தட்டு மெல்லச் சுழலும். அதன் ஓரத்தின் மேடுபள்ளம்தான் வெட்டும் உளியை முன்னும் பின்னும் தள்ளும். முடியைவிட மெல்லிய அச்சுமுனை எப்படி இருக்க வேண்டும் என்பது அந்த ஓரத்தில்தான் பதிந்திருக்கிறது. தட்டு போய்விட்டால் மறுபடி கணக்குப் போட்டு, அரத்தால் ராவி, வெட்டிப் பார்த்து, அளந்து, திருத்த வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் இப்படியே.

1978-இல் நிறுவனம் சுவிஸ்காரர்கள் கைக்குத் திரும்பியது. எபெல் என்ற கடிகாரக் கம்பெனிக்கு நல்ல குரோனோகிராஃப் இயந்திரம் தேவைப்பட, பரணில் இருந்தவை இறங்கின. 1980-களின் நடுவில் தயாரிப்பு மறுபடி ஓடியது. 1988-இல் ரோலெக்ஸ் அதையே அடிப்படையாக எடுத்து, துடிப்பை 28,800 ஆகக் குறைத்து, தேதியை நீக்கி, தன் டேடோனா கடிகாரத்தில் வைத்தது. 2000 வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

இப்போதுதான் கம்ப்யூட்டர் நடத்தும் சி.என்.சி. இயந்திரம் இருக்கிறதே, ஸ்கேன் செய்தால் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். ஒமேகா கடிகாரக் கம்பெனியின் 321 என்ற இயந்திரம் அதற்கான பதில். நிலவுக்குப் போன ஸ்பீட்மாஸ்டர் கடிகாரங்களில் இருந்த இயந்திரம் அது. 1968-இல் அதன் இடத்துக்கு 861 என்ற இயந்திரம் வந்தது. 2019 ஜனவரியில் 321-ஐ மறுபடி தயாரிப்பதாக ஒமேகா அறிவித்தது. அதற்காக அப்பல்லோ 17 நிலவுப் பயணத்தில் விண்வெளி வீரர் யூஜீன் செர்னன் கட்டியிருந்த கடிகாரத்தைப் பிரிக்காமலேயே ஸ்கேன் செய்து உள்ளே பார்த்தார்கள். நவீன வசதி அத்தனையும் இருந்தும் அந்த வேலை இரண்டு ஆண்டுக்கு மேல் ரகசியமாக நடந்தது. எனக்கு அதில் வியப்பில்லை. ஸ்கேன் காட்டுவது ஒரே ஒரு துண்டின் இன்றைய வடிவத்தை. தேய்வதற்கு முன் அது எந்த அளவில் இருந்தது, எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், எந்தச் சூட்டில் பதம் வைத்தார்கள் என்பதையெல்லாம் மனிதர்கள்தான் செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.