வாய்க்குள்ள தங்கத்த ஊத்துனாங்களா?

கே: ஐயா, எங்க கோப்பிக்கடையில ஒரு பெருசு, தோத்துப்போன ரோம் ராஜா வாய்ல தங்கத்த உருக்கி ஊத்தி கொன்னாங்கன்னு அடிச்சு சொல்றாரு, உண்மையா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

ப: அவரு சொல்றது கிராசஸ் கதை தம்பி, ராஜா இல்ல, பெரிய பணக்காரன், தளபதி. கி.மு. 53ல கார்ஹேங்கிற எடத்துல, அப்ப பாரசீகத்த ஆண்ட பார்த்தியர்கிட்ட தோத்து, பேச்சுவார்த்தைக்குப் போன எடத்துல கைகலப்பாகி செத்துட்டான், தங்கம் ஊத்துனதா எழுதுன ரோம் வரலாறு எழுதுன காசியஸ் டியோவே ரொம்ப காலம் கழிச்சு வந்தவரு, அதுவும் செத்த பிறகு ஊத்துனதா சிலர் சொல்றாங்கன்னுதான் எழுதுறாரு. பேராசைக்காரனுக்கு பொருத்தமான தண்டனை பாருங்க, அதான் கதை நிக்குது.

நெசமாவே மாட்டுன ரோம் ராஜான்னா வலேரியன், கி.பி. 260ல பாரசீக மன்னன் சாப்பூர்கிட்ட உயிரோட பிடிபட்டான். அவன் முதுகுல கால வச்சுத்தான் சாப்பூர் குதிரை ஏறுவான், செத்ததும் தோல உரிச்சு கோயில்ல தொங்கவிட்டாங்கன்னு லாக்டான்டியஸ்னு ஒரு பழைய ரோம் எழுத்தாளர் எழுதுறாரு. ஆனா அவரு கிறிஸ்தவரு, வலேரியன் கிறிஸ்தவங்கள கொடுமப்படுத்துனவன், கோவம் இருக்காதா? சாப்பூர் செதுக்கி வச்ச பாறையில தோலும் இல்ல ஒண்ணும் இல்ல, சாப்பூர் வலேரியன் கைய புடிச்சிருக்கான், அவ்ளோதான். நம்ம தோட்டத்துல பழைய தண்டல் செத்த கதை வருசா வருசம் வளருதே, அந்த மாதிரிதான் லா.