எருக்கம்பால் அந்தப் புழுவை ஏன் கொல்வதில்லை?

கேள்வி: எங்கள் தெருவோர எருக்கஞ்செடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளுடன் கூடிய புழுக்கள் இலையை மேய்கின்றன. எருக்கம்பால் நஞ்சு என்கிறார்களே, அவை எப்படிச் சாகாமல் இருக்கின்றன?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அவை பெரும்பாலும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களாக இருக்கும். உடலின் மேற்புறத்தில் மூன்று இணைக் கறுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

எருக்குக்குக் காவல் இரண்டு. கடிக்கும் பூச்சியின் வாயை ஒட்டிப் பிடிக்கும் பால் ஒன்று. அந்தப் பாலிலும் இலையிலும் உள்ள கார்டினோலைடு என்னும் நஞ்சு மற்றொன்று. பாலைப் புழு தன் செய்கையால் சமாளிக்கிறது. சற்று வளர்ந்த புழு உடனே தின்னத் தொடங்குவதில்லை. முதலில் இலையின் நடுநரம்பைக் கடித்துக் குழியாக்குகிறது. மடையை உடைத்துவிட்டால் கீழ்வயலுக்குத் தண்ணீர் எட்டாதது போல, பால் அந்த இடத்திலேயே வடிந்துவிட, நுனிப்பக்கம் தொய்ந்து தொங்கும் இலையை அது நிதானமாகத் தின்கிறது.

நஞ்சைச் சமாளிப்பது அதன் உடலமைப்பு. விலங்குகளின் உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. நரம்பும் இதயத்தசையும் அதை நம்பியே இயங்குகின்றன. கார்டினோலைடு அந்தப் புரதத்தில் ஒட்டி அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. வெந்தய வரியனின் நெருங்கிய உறவினமான வட அமெரிக்க மொனார்க் வண்ணத்துப்பூச்சியில், இப்புரதத்தின் 122-ஆம் இடத்தில் வழக்கமாக இருக்க வேண்டிய அமினோ அமிலம் மாறியிருப்பதால் நஞ்சால் உறுதியாக ஒட்ட முடிவதில்லை. இத்தகைய செடிகளைத் தின்னும் இலைவண்டு, நாவாய்ப்பூச்சி, ஈ ஆகியவற்றிலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், அதே இடத்தில் அதே மாற்றம் தோன்றியிருப்பதை 2012-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு என்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. மொனார்க்கின் மாற்றங்களை மரபணுத் திருத்தத்தின் மூலம் பழ ஈக்களில் புகுத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. 111, 119, 122 ஆகிய மூன்று இடங்களிலும் மாற்றம் பெற்ற ஈக்கள் நஞ்சைத் தாங்கின. ஆனால் 122-ஆம் இடத்தின் மாற்றம் நரம்பு மண்டலத்தைப் பாதித்தது; குப்பியை வேகமாகக் குலுக்கினால் அந்த ஈக்கள் செயலற்று விழுந்தன. 119-ஆம் இடத்தின் மாற்றம் கூடவே இருந்தபோது அந்தக் குறை தணிந்தது. ஆகவே, எந்த மாற்றங்கள் சேர்ந்து வருகின்றன, எந்த வரிசையில் வருகின்றன என்பதும் பரிணாமத்தில் பொருட்படுத்த வேண்டியதே.

தாங்கிய நஞ்சு வீணாவதும் இல்லை. எருக்கின் உறவுச் செடியான பால்செடியைத் தின்று வளர்ந்த மொனார்க்கை விழுங்கிய நீல ஜே பறவைகள் வாந்தி எடுத்ததையும், முட்டைக்கோஸில் வளர்க்கப்பட்டவை அவற்றுக்கு எந்தத் தீங்கும் செய்யாததையும் 1960-களில் லிங்கன் பிரவரும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினர். வெந்தய வரியனும் நஞ்சைச் சேமிக்கிறது; அளவு மட்டும் தின்ற செடியைப் பொறுத்து வேறுபடும். பருப்புக்கீரையைத் தின்று வளரும் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண், வெந்தய வரியனின் தோற்றத்தை அப்படியே கொண்டு, தன்னிடம் இல்லாத நஞ்சின் பயனைப் பெறுகிறது.

புழுவைப் பார்க்கச் செல்லும் பிள்ளைகளின் கண்ணில் எருக்கம்பால் பட்டால் கருவிழி பாதிக்கப்படும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் எருக்கு ஏன் இன்னும் வீரியமான நஞ்சை உருவாக்கிக்கொள்ளவில்லை?
– கல்லூரி மாணவர், பழனி

பதில்: நஞ்சு ஒரு சில பூச்சிகளிடம் தோற்றாலும், எண்ணற்ற மற்றவற்றை இன்றும் விலக்கியே வைத்திருக்கிறது, செடிக்கு அதுவே பெரும் ஆதாயம். செடி புதிய நஞ்சைப் பெற்றுப் பெருகுவதும், ஏதோ ஒரு பூச்சியினம் அதைக் கடந்து பின்தொடர்வதுமான நெடுந்தொடரே இரு தரப்பிலும் இவ்வளவு இனங்கள் தோன்றக் காரணம் என்று உயிரியலாளர்களான பால் எர்லிக்கும் பீட்டர் ரேவனும் 1964-இல் முன்வைத்தனர். ஆனால் அந்தத் தொடர் எப்போதும் ஏறுமுகமாகவே செல்வதில்லை. அமெரிக்கப் பால்செடிகளை ஆராய்ந்த அனுராக் அகர்வாலும் மார்க் ஃபிஷ்பெய்னும், அவற்றின் பரிணாமப் போக்கில் பாலும் கார்டினோலைடும் குறைந்து, தின்னப்பட்டபின் மீண்டும் துளிர்க்கும் திறன் கூடியிருப்பதை 2008-இல் எடுத்துக்காட்டினர். நிபுணத்துவம் பெற்ற எதிரியைத் தடுப்பதைவிட, இழந்ததை மீண்டும் வளர்த்துக்கொள்வது அச்செடிகளுக்குக் கட்டுப்படியாகியிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

கேள்வி: காய்ந்த தேள்கொடுக்குச் செடியில் வரியன்கள் மொய்ப்பது எதற்காக?
– ஆசிரியர், மன்னார்குடி

பதில்: மொய்ப்பவை பெரும்பாலும் ஆண்கள். வாடிய செடியிலிருந்து பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்னும் வேறொரு நஞ்சை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் மணப்பொருளைத் தம் உடலில் அவை தயாரிக்கின்றன. வயிற்று நுனியில் மறைந்திருக்கும் மயிர்க்கற்றையை விரித்துப் பெண்ணருகே அந்த மணத்தைப் பரப்புகின்றன. கிலுகிலுப்பையிலும் இதே நஞ்சு உண்டு. களையாகப் பிடுங்கிய தேள்கொடுக்கை எறிந்துவிடாமல் பள்ளித் தோட்டத்தில் கட்டித் தொங்கவிட்டால், அருகில் வரியன்கள் இருக்கும் காலத்தில் மாணவர்களே இதைக் கண்ணால் காணலாம்.