மகள் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் படிக்கப் போகிறாளாம், வேலை கிடைக்குமா?

சார், உங்கள் கவலை புரிகிறது. பயோமெடிக்கல் பி.இ. முடித்த பெண், கையில் ஐடி கம்பெனி ஆஃபர், அவளோ மைக்ரோஃப்ளூயிடிக்ஸ்தான் (மிக நுண்ணிய வாய்க்கால்களில் திரவத்தைக் கையாளும் துறை) படிப்பேன் என்கிறாள், அந்தப் பெயரில் ஒரு வேலை விளம்பரம்கூட கண்ணில் படவில்லை என்கிறீர்கள். படாதுதான். நோய் கண்டறியும் கிட் செய்கிற கம்பெனிகளில் 'ஆர் அண்ட் டி இன்ஜினியர்' மாதிரிப் பெயர்களில்தான் அந்த வேலை ஒளிந்திருக்கும், நம் ஊரில் அதுவும் கொஞ்சம்தான்.

அவள் ஆசைப்படுவது இதுதான். கண்ணாடியில் செய்த ஒரு சில்லில், அதாவது சிப்பில், தலைமுடி பருமனுக்கு ஒரு வாய்க்கால். முன்னால் வேகமாக ஓடும் அயனிகள், பின்னால் மந்தமான அயனிகள், இரு முனையிலும் மின்னழுத்தம். நடுத்தர வேகம் கொண்ட டிஎன்ஏ பின்தங்கினால், அங்கே மின்புலம் அதிகம் என்பதால் முன்னே தள்ளப்படும், முந்தினால் மின்புலம் குறைந்து வேகம் தளரும், கடைசியில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடாகத் திரண்டு நிற்கும். சாயம் சேர்த்திருந்தால் அந்தக் கோடு மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று ஒளிரும், பார்த்தவர்களுக்குப் பைத்தியம் பிடிப்பதில் ஆச்சரியமில்லை. இந்த முறைக்கு ஐசோடாக்கோஃபோரெசிஸ் என்று பெயர். 2020இல் ஸ்டான்ஃபோர்டில் ஹுவான் சாந்தியாகோவின் குழு இதோடு கிரிஸ்பரை (குறிப்பிட்ட மரபணு வரிசையைத் தேடிப் பிடிக்கும் நுட்பம்) சேர்த்து, மூக்கில் எடுத்த மாதிரியிலிருந்து கொரோனாவைச் சுமார் 35 நிமிடத்தில் கண்டுபிடித்துக் காட்டியது.

இனி கசப்பான பக்கம். எலெக்ட்ரோடில் கிளம்பும் ஒரு வாயுக்குமிழி வாய்க்காலுக்குள் போனால் கரண்ட் நின்றுவிடும், கழுவி, நிரப்பி, திரும்ப முதலிலிருந்து. ஒரே நாளில் எட்டு முறை இப்படி ஆகலாம். மார்க் ஷீட்டை விட, ஒன்பதாவது முறை சில்லை நிரப்ப அவளுக்குப் பொறுமை இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பணம்? எம்.டெக்கில் கேட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்ந்தால் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய், பிஎச்.டி.யில் முதல் இரண்டு வருடம் 37,000, அப்புறம் 42,000. ஐடி சம்பளத்தோடு ஒப்பிட்டு அவளைக் குத்திக்காட்டாதீர்கள் சார், அவளுக்கும் கணக்குத் தெரியும்.

ஆஃபரை இப்போதே உதற வேண்டாம். சேரும் தேதிக்கு முன் இரண்டு மூன்று மாதம் கிடைத்தால் ஒரு லேபில் இருந்து பார்க்கட்டும். பெங்களூரு ஐஐஎஸ்சி, சென்னை ஐஐடி, கரக்பூர் ஐஐடி மூன்றிலும் இந்தத் துறையில் ஆட்கள் இருக்கிறார்கள். பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது "கற்றுக்கொள்ள மிகுந்த ஆர்வம்" என்று ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, புரியாத ஒரு படத்தைக் குறிப்பிட்டுக் கேள்வி கேட்கட்டும்.