50 ரூபாய்க்கு வாங்கிய பாம் கன்று, என்ன இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: தெருவில் செடி வண்டிக்காரரிடம் 50 ரூபாய்க்கு ஒரு பாம் (பனைக் குடும்பத்துச் செடி) கன்று வாங்கினீர்கள். அவர் ‘அரேகா’ என்றார், அழகுக்குத் தொட்டியில் வைக்கும் பாம் அது. ஆனால் ஓலை சீப்பு மாதிரி விரியாமல் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. செல்போன் ஆப் படத்துக்கு ஒரு பெயர் சொல்கிறது. வீட்டில் யாராவது ‘நல்லா ஏமாந்தே போ’ என்று சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். எனக்குச் சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பனைக் குடும்பத்தில் குட்டி இலையின் வடிவத்தை மட்டும் வைத்து வளர்ந்த மரத்தைச் சொல்லவே முடியாது. பனைக்கும் பேரீச்சைக்கும் முதலில் வருவது நாடா மாதிரி வெறும் ஒற்றை இலை, புல் என்று பிடுங்கிப் போட்டுவிடுவோம். தென்னங்கன்றின் முதல் இலைகளில் கீற்றே இருக்காது. கமுகங்கன்று பிளந்த இலையோடுதான் தொடங்கும். ஆப் குழம்புவதற்குக் காரணம் இதுதான். எனவே வடிவத்தை விட்டுவிட்டு மடிப்பைப் பாருங்கள். இலை தண்டோடு சேரும் இடத்தில் கீற்றைக் குறுக்காகக் கவனித்தால், அது மேல் நோக்கித் திறந்த வாய்க்கால் போல இருக்கும், அல்லது கூரை போலக் கவிழ்ந்திருக்கும். தென்னை, கமுகு, நர்சரி அரேகா எல்லாம் கவிழ்ந்த மடிப்பு. பேரீச்சை, ஈச்சை, கூந்தல்பனை, விசிறி ஓலை உள்ள பெரும்பாலான வகைகள் வாய்க்கால் மடிப்பு. இது குட்டியிலும் மாறாது.

என் கன்றுக்கு வருகிறேன். கோவையில் நாங்கள் இருக்கும் தெருவுக்கு டிவிஎஸ் 50-இல் செடி கொண்டுவருபவரிடம் வாங்கியது. கறுப்புப் பாலிதீன் பையில் ஒரே ஒரு தண்டு. ‘அரேகா மேடம், நிழல்லயே வளரும்’ என்றார். வாங்கும்போதே எனக்குச் சந்தேகம்தான். மடகாஸ்கரிலிருந்து வந்த அந்த அரேகாவை நர்சரியில் எப்போதும் ஒரு பையில் நாலைந்து கன்றாகச் சேர்த்துத்தான் வைப்பார்கள், கொஞ்சம் வளர்ந்ததும் காம்பு மஞ்சளடிக்கும். இதில் காம்பு கரும்பச்சை. இலை இரண்டாகப் பிளந்திருந்தது சரி, ஆனால் அதன் ஓரம் எலி கடித்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருந்தது. விரலை வைத்து ஓட்டினால் பிசிர் தட்டும். மடிப்போ தெளிவான வாய்க்கால்.

‘இது கூந்தல்பனை’ என்று அன்றைக்கே சொன்னேன். என் அம்மா ஊர் செங்கோட்டைப் பக்கம். மலையடிவாரத் தோப்புகளில் இந்த மரத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பூங்குலை சடை சடையாகத் தொங்கும், அந்தப் பெயருக்கு வேறு விளக்கமே வேண்டாம். என் கணவர் ஆப்பைக் காட்டினார். நாத்தனார் வந்தவர், ‘அண்ணி, அரேகாவுக்கு உரம் பத்தலை, அதான் இலை பிரியலை’ என்றார். நான் பேசாமல் தொட்டி மாற்றி வளர்த்தேன். அப்புறம் ஓலை பிரிந்தது. ஒவ்வொரு கீற்றும் முக்கோணமாக, மீன் வால் போல, அதே கிழிந்த ஓரத்தோடு. பக்கக் கன்று ஒன்றுகூட வரவில்லை. நர்சரிகளில் கிடைக்கும் மீன்வால் பாம்களில் புதராகக் கிளைக்கும் வகை ஒன்று உண்டு, அது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. ஒற்றைத் தண்டாக நின்றதால் என்னுடையது நம் மலைக் கூந்தல்பனை என்று சொல்கிறேன். இலங்கையில் கித்துல் என்று அழைத்து, பதநீர் இறக்கி, பாணி என்ற பாகும் கருப்பட்டியும் எடுப்பது இதே மரத்தில்தான்.

நான் தாவரவியல் படித்தவள் இல்லை, கணக்கு எழுதுபவள். கீழே வந்து பட்டம் கேட்பவர்களுக்காக முன்பே சொல்லிவிடுகிறேன். மடிப்பு விஷயம் என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை, பாம் இனங்களைப் பிரிக்கத் தாவரவியல் நூல்கள் காட்டும் அடையாளம்தான். அந்த வண்டிக்காரரையும் திட்டாதீர்கள். கன்று எத்தனையோ கை மாறி அவரிடம் வருகிறது, வாங்கிய இடத்தில் சொன்ன பெயரைத்தான் அவரும் சொல்கிறார்.

பட்டம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பு வாசலில் வைக்க ஒரு ஒப்பந்தக்காரர் ஃபாக்ஸ்டெயில் (ஓலை நரிவால் போலக் கொத்தாக இருக்கும் பாம்) என்று பில் போட்டு ஒரு லாரி பாம் கொண்டுவந்தார். ஃபாக்ஸ்டெயில் கன்றில் கீற்றின் நுனி கடித்துத் துப்பியது போல வெட்டுப்பட்டிருக்கும். இவை எல்லாவற்றிலும் நுனி கூர்மை. சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ‘நீங்க பாட்டனியா மேடம்?’ என்று கேட்டார்கள், எல்லாரும் சிரித்தார்கள், பணம் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அவை வளர்ந்து நிற்கின்றன. ஓலை தட்டையாகத்தான் இருக்கிறது, நரிவால் போலக் கொத்தாக ஒன்றும் வரவில்லை. அது எல்லாருடைய பராமரிப்புப் பணம். ஒரு பெண் ஓலையைத் தொட்டுப் பார்த்துச் சொன்னதைவிட லெட்டர்ஹெட்டில் அச்சடித்த பெயருக்கு மதிப்பு அதிகம் என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும். சரி, அது வேறு கதை.

உங்கள் கன்றுக்கு: ஓரம் கிழிந்து, வாய்க்கால் மடிப்பாக இருந்தால் மீன்வால் வகை. மடிப்பு கவிழ்ந்து, ஓரம் வழவழப்பாக, ஒற்றைத் தண்டாக இருந்தால் கமுகா என்று பாருங்கள், கன்றின் அடியில் நார்மட்டையோடு பாக்கு இன்னும் ஒட்டியிருக்கலாம். காம்பின் அடியில் கீற்றுகள் முள்ளாக மாறியிருந்தால் பேரீச்சை, ஈச்சை இனம். காம்பின் இரு ஓரமும் முள்ளாக இருந்து இலை விசிறியாக விரிந்தால் நர்சரியில் டேபிள் பாம் என்று விற்கும் வகையாக இருக்கலாம்.

கூந்தல்பனை என்று தெரிந்தால் தொட்டியில் ரொம்ப நாள் வைக்காதீர்கள், பெரிய மரம் அது. குழந்தைகள் விளையாடும் இடத்தருகே நடவும் வேண்டாம். பழத்தின் சாறு பட்டால் தோல் கடுமையாக அரிக்கும், அதில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் உண்டு. பூக்கத் தொடங்கினால் உச்சியிலிருந்து கீழ் நோக்கிக் குலை குலையாகத் தள்ளி, கடைசிக் குலையோடு மரம் பட்டுப்போகும். நோய் என்று நினைத்து மருந்தடிக்காதீர்கள்.

மடிப்பும் காம்படியும் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மண்ணைக் கிளறும்போது கொட்டை ஒட்டியிருந்தால் அதைப் பிய்த்துவிடாதீர்கள், சின்னக் கன்றுக்கு இன்னும் அதிலிருந்துதான் சாப்பாடு.