புகையிலையே தொடாதவருக்கு நாக்கில் ஆறாத புண்

கேள்வி: எனக்கு 46 வயது. சிகரெட், மது, புகையிலை எதுவும் எங்கள் வீட்டிலேயே கிடையாது. நாக்கின் இடது ஓரத்தில் ஐந்து வாரமாக ஒரு புண். பி காம்ப்ளக்ஸ் சாப்பிட்டேன், ஜெல் தடவினேன்; வலி அடங்குகிறது, புண் ஆறவில்லை. பக்கத்துக் கடைவாய்ப்பல் உடைந்திருக்கிறது. சாப்பிட்டதும் வாசனைப் பாக்கு போடுவேன், அவ்வளவுதான். பல் டாக்டர் பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொல்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார் மாமியார். எனக்குப் போய் புற்றுநோய் வருமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வரலாம். பல் குத்திய வெறும் புண்ணாகவும் இருக்கலாம். எது என்பதை மைக்ராஸ்கோப்தான் சொல்ல முடியும்.

‘அவ்வளவுதான்’ என்று ஒதுக்கினீர்களே, அந்தப் பாக்கைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-ல் வெளியிட்ட முடிவு. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையவில்லை, காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றால், பாக்கு வாயின் உள்சவ்வை இறுக்கத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்து, கையைக் கழுவி, சுத்தமான துணியால் நாக்கு நுனியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து, புண்ணின் அடியைத் தடவுங்கள். பாக்குத் துண்டு புதைந்தது போலக் கெட்டியாக இருந்தால் நாளையே போங்கள். மெத்தென்று இருந்தாலும் இந்த வாரமே போக வேண்டும். மூன்று வாரம்தான் கெடு, நீங்கள் ஐந்தைத் தாண்டிவிட்டீர்கள். ஜெல் மரத்துப்போக வைக்கும், ஆற்றாது. பல்லின் கூர்முனையை அன்றே ராவிவிடச் சொல்லுங்கள். ஆனால் ‘பல்லைச் சரிசெய்துவிட்டுப் பார்ப்போம்’ என்று பயாப்ஸியைத் தள்ள வேண்டாம்.

மாமியாரின் பயம் பலருக்கும் உண்டு. பயாப்ஸியால் பரவாது. தள்ளிப்போட்டால்தான் ஆபத்து: நாக்கில் புண் சிறியதாக இருந்தாலும் ஆழம் 5 மி.மீ.யைத் தாண்டிவிட்டால் புற்றுநோயின் அடுத்த நிலையாகக் கணக்கிடுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் அளவுக்குத் துணுக்கு எடுப்பார்கள். நடுவில் எடுத்தால் செத்த திசுதான் வரும். ஓரிரு தையல் போடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு நாள் மோர்ச்சாதம், ஆறிய கஞ்சி போதும். சென்னைக் கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

வைரஸால் வரும் புற்றுநோய் வகையும் உண்டு. எச்பிவி 16 என்ற வைரஸ் பெரும்பாலும் டான்சிலையும் அடிநாக்கையும் தாக்கும், ஓரத்தை அல்ல. அங்கே புண் எளிதில் தெரியாது. பலருக்கு வலியில்லாத கழுத்துக் கட்டிதான் முதலில் தட்டுப்படும். அதை ஊசியால் உறிஞ்சிச் சோதிக்காமல், காசநோய்க் கட்டி என்று நினைத்து டிபி மருந்து தொடங்கினால் மாதங்கள் வீணாகும்.

‘வெறும் அழற்சி’ என்று ரிப்போர்ட் வந்து, பல்லை ராவிய பிறகும் இரண்டு வாரத்தில் புண் ஆறவில்லையென்றால், பயாப்ஸியை இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.