அப்போதே தெரிந்திருந்ததா?

அன்புள்ள சார்,

மூன்று வருடத்துக்கு முன் நிரந்தர வேலையை விட்டுவிட்டு நண்பனோடு தொழில் தொடங்கினேன். போன மாதம் மூடிவிட்டோம். சேமிப்பு கரைந்துவிட்டது. சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். இது சரிப்படாது என்று உள்ளூர எனக்கு அப்போதே தெரியும். எடுத்த முடிவு நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? பழைய நிறுவனம் கூப்பிடுகிறது, போகலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சொந்தக்காரர்கள் பேசட்டும், விடுங்கள். ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. கோபமாகவே சொல்கிறேன்: உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சேமிப்பை அதில் போட்டிருப்பீர்களா? பயம் இருந்திருக்கும். பயந்ததைத் தெரிந்ததாக இன்று மாற்றிச் சொல்கிறீர்கள்.

நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டது நான். ஆறாம் நாள் போய்விட்டார். அவருக்கு விருப்பமில்லை, எனக்கும் வேண்டாம் என்றுதான் பட்டது, அவசரப்பட்டுவிட்டேன் என்று பதினோரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் வீடு மாறும்போது ஒரு பழைய நோட்டு கிடைத்தது. கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி எழுதிய பக்கம் அதில் இருந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒரு வருடம் தாண்டுவது கஷ்டம் என்று இரண்டு டாக்டர்கள் சொன்னது, பத்துப் பேரில் ஒருவருக்கு ஆபத்து என்று சொன்னது, எல்லாம் இருந்தது. கடைசியில், ‘மூச்சு வாங்கிக்கொண்டே கிடக்க முடியலடா, செஞ்சிடு என்கிறார் அப்பா.’ அவரே கேட்டிருக்கிறார். அந்த ஒரு வரியை என் ஞாபகம் துடைத்துவிட்டிருந்தது.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன், அங்கே என்னென்ன நடக்கலாம் என்று உளவியலாளர் பரூக் ஃபிஷாஃபும் ரூத் பேத்தும் மாணவர்களிடம் கணிக்கச் சொன்னார்கள். பயணம் முடிந்தபின், அன்று என்ன கணித்தீர்கள் என்று கேட்டார்கள். நடந்துவிட்டவற்றை அன்றே இன்னும் உறுதியாகச் சொன்னதாகத்தான் பெரும்பாலும் அவர்களுக்கு ஞாபகம். 1988இல் ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு என்னை இன்னும் உலுக்கியது. இதய நோயாளி ஒருவர், அறுவை சிகிச்சையில் இறக்கும் வாய்ப்பு 8 சதவீதம், செய்யலாம் என்கிறார் மருத்துவர். நோயாளி பிழைத்தார் என்று சொன்னால், ஆய்வில் கலந்துகொண்டவர்கள் அதை நல்ல முடிவு என்றார்கள். இறந்தார் என்று சொன்னால் அதே முடிவுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். மருத்துவருக்குத் தெரிந்திருந்தது இரண்டிலும் ஒன்றுதானே!

நானும் பதினோரு வருடம் எனக்கு அப்படித்தான் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அதனால் தொழில் மூடியதை என்னிடம் காட்டாதீர்கள். வேலையை விட்ட அந்த மாதம் உங்களுக்கு என்ன தெரியும், யாரைக் கேட்டீர்கள், கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டீர்களா, நண்பனோடு பங்கை எழுத்தில் வைத்தீர்களா? அதைச் சொல்லுங்கள். இதெல்லாம் செய்யவில்லையென்றால், தொழில் ஓஹோ என்று ஓடியிருந்தாலும் அது மோசமான முடிவுதான்; அதற்கு உங்களைத் திட்டத் தயங்க மாட்டேன். செய்திருந்தால், உங்களை நீங்களே இப்படி அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை.

பழைய நிறுவனமா? வீட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் போங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. போனாலும் போகாவிட்டாலும், ஏன் என்று இன்று ராத்திரியே ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள். மூன்று வருடத்துக்கு முன் நண்பனுக்கு அனுப்பிய மெசேஜ்கள் இருந்தால் தேடி எடுங்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.